காயலான் கடை முதல் யூடியூப் வரை: கொடைக்கானல் பாதரசக் கதையின் பதினைந்து வருடங்கள்

2015 ஜூலை 30ஆம் தேதி யூடியூபில் ஒரு ராப் பாட்டு வந்தது. பேரு ‘கொடைக்கானல் வோன்ட்’. பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். மெட்டு சொந்த மெட்டு இல்லை. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ அதற்கு முந்தின வருடம்தான் உலகம் முழுக்க ஓடியிருந்தது. அதே மெட்டில் வார்த்தைகளை மாற்றிப் போட்டு, கொடைக்கானலில் யூனிலீவர் கம்பெனி விட்டுப்போன பாதரசத்தைப் பற்றிப் பாடியிருந்தார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். மினாஜே அதை ட்விட்டரில் பகிர, சில நாட்களிலேயே பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டின. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் தன்னுடைய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது.

இந்த இரண்டு செய்தியையும் பக்கத்துல பக்கத்துல வைத்தால் கதை ரெடி: ஒரு பெண், ஒரு பாட்டு, எட்டே மாதம், பன்னாட்டுக் கம்பெனி பணிந்தது. தன்னார்வ அமைப்புகள் சமூக வலைத்தளத்தை எப்படிப் பயன்படுத்தணும்னு வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாட்டு அந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில்தான் வரும். அதற்கு முன்னால் பதினாலு வருஷம் இருக்கிறது. அந்தப் பதினாலு வருஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் ஆலை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்று கொடைக்கானலுக்கு இடம் மாறியது. சீஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனியுடையது. ஆமாம், பாண்ட்ஸ் பவுடர், பாண்ட்ஸ் கிரீம் அதே பாண்ட்ஸ்தான். உலக அளவில் அந்தக் கம்பெனியை யூனிலீவர் வாங்கியபோது கொடைக்கானல் ஆலையும் கூடவே போனது. பிறகு 1998ல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. செய்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி வெளிநாட்டு ஏற்றுமதிக்கு. பாதரசம் வெளியிலிருந்து மலைக்கு ஏறும், தெர்மாமீட்டராக வெளியே இறங்கும். நடுவில் சிந்தினது, உடைந்தது, ஆவியானது எல்லாம் மலையிலேயே தங்கிவிடும்.

ஆலை இருந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். புனித மரியன்னை சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே உள்ள மேட்டில் இருக்கிறது. சோலை என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பழனி மலையின் மேல்பகுதியில் பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் மிச்சமிருக்கிற பழங்காடு அது, தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. பாம்பாறு அங்கிருந்து கீழே இறங்கிப் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. கும்பக்கரையில் குளித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தண்ணீர் எந்த மேட்டிலிருந்து வருகிறது என்று யோசித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

பாதரசத்தின் பிரச்சினை அது கண்ணுக்கு அழகாகத் தெரிவதுதான். வெள்ளிக் குண்டு மாதிரி உருளும், பிள்ளைகள் கையில் வைத்து விளையாடத் தோன்றும். அதன் ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, ஈறு வீக்கம் என்று மெல்ல மெல்ல வரும். ஒரே நாளில் ஆயிரம் பேர் விழுந்த போபால் மாதிரி இல்லை இது. தனித்தனியாக, வேறு வேறு வருடங்களில், வேறு வேறு டாக்டர்களிடம் போய் நிற்கிற நோய். ‘இது ஆலையினால் வந்தது’ என்று நிரூபிப்பதும் அதனால்தான் கஷ்டம். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

2001 மார்ச் 7. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடை. அங்கே மூட்டை மூட்டையாகப் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி. ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். ஏழு டன்னுக்கு மேல் என்றது கிரீன்பீஸ். 5.3 டன் என்றது கம்பெனி. எதை எடுத்துக்கொண்டாலும் ஊருக்கு நடுவில், வெறும் சாக்கில் இருக்க வேண்டிய சரக்கு இல்லை. நூற்றுக்கணக்கானோர் ஆலை வாசலுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அந்த மாதமே உற்பத்தி நின்றது. ஆலை திரும்பத் திறக்கவே இல்லை.

இதில் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. 1985ல் ஆரம்பித்த உள்ளூர் அமைப்பு. நாற்றங்கால், காடு வளர்ப்பு, தண்ணீர் என்று சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். எந்த ஓடை எங்கே போகிறது, யாரிடம் பேசினால் உண்மை வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கிரீன்பீஸுக்கு உலகச் செய்தியாளர்களின் தொலைபேசி எண் தெரியும். ஒன்றிடம் ஊர் இருந்தது, இன்னொன்றிடம் குரல் இருந்தது. 2001ல் ஃபேஸ்புக் கிடையாது, யூடியூப் கிடையாது. மின்னஞ்சலே பலருக்கு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பார்க்கிற சமாச்சாரம். இருந்தும் அந்த மாதமே ஆலை நின்றுபோனது. வேகம் என்று பார்த்தால், இந்தக் கதையிலேயே ரொம்ப வேகமான வெற்றி இணையம் இல்லாமல் வந்ததுதான்!

அடுத்தது 2003. ஆலையிலும் காயலான் கடையிலும் இருந்த பாதரசக் கழிவு, சுமார் 290 டன், கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. பென்சில்வேனியாவில் ஹெல்லர்டவுன் என்ற ஊரில் பாதரசத்தை மீட்டெடுக்கும் ஆலைக்கு. பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதுதான் உலக வழக்கம். தலைகீழாகப் போன அபூர்வ சம்பவங்களில் இது ஒன்று. சுற்றுச்சூழல் வரலாறு எழுதுகிறவர்கள் இதற்குக் கொடுக்கிற இடம் போதாது என்பது என் எண்ணம். பாட்டைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேர் இதைக் குறிப்பிடுவதுகூட இல்லை.

அதே காலத்தில் அறிவியலும் தன் வேலையைச் செய்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் கொடைக்கானலின் பாசிகளையும் மரப்பாசிகளையும் எடுத்து அளந்தார்கள். பாசிக்கு வேர் கிடையாது, காற்றிலிருந்தே வாங்கிக்கொள்ளும். அதனால் காற்றில் என்ன இருந்தது என்பதற்கு அது ஒரு பதிவேடு மாதிரி. ஏரியின் வண்டலையும் மீனையும் பார்த்து, பேரிஜம், குக்கல் ஏரிகளோடு ஒப்பிட்டார்கள். கொடைக்கானல் ஏரியில்தான் பாதரசம் அதிகம். அதில் ஒரு பங்கு மீத்தைல் பாதரசமாக, அதாவது மீன் வழியாக மனிதருக்கு ஏறக்கூடிய வடிவில் இருந்தது. படகுச் சவாரிக்கு வரிசையில் நிற்கிற ஏரி இது.

இவ்வளவும் நடந்த பிறகு தொழிலாளிகள் என்ன ஆனார்கள்? ஆலை மூடியதும் வேலை போனது. உடம்பில் இருந்தது போகவில்லை. அவர்கள் ‘பாண்ட்ஸ் எச்.எல்.எல். முன்னாள் பாதரசத் தொழிலாளர் நலச் சங்கம்’ என்று ஒன்று அமைத்து, 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மருத்துவச் செலவும் இழப்பீடும் கேட்டு. 2007ல் நீதிமன்றம் நிபுணர் குழு போட்டது. நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது குழு. முன்னால் சொன்னேன் இல்லையா, நிரூபிக்கக் கஷ்டமான நோய் என்று? அது இங்கேதான் வந்து முட்டியது. பிறகு 2011ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு வேறு மாதிரி சொன்னது: தொழிலாளர்களின் நோய்களுக்குப் பாதரசம் காரணமாக இருந்திருக்கிறது என்றது. கம்பெனி, யாருடைய உடல்நலத்துக்கும் தன்னால் பாதிப்பு வரவில்லை என்ற நிலையிலேயே நின்றது. வாய்தா மேல் வாய்தா. இடையில் சங்கத்துக்காரர்களில் சிலர் இறந்துபோனார்கள்.

பாட்டு யார் பாடினது என்று இன்றைக்குக் கேட்டால் உடனே பதில் வரும். சங்கத் தலைவர் பெயர் எஸ்.ஏ. மகேந்திர பாபு. அதை எத்தனை பேர் சொல்வார்கள்?

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். எங்க தொழிலில் திரையில் தெரிகிற பக்கத்தைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் கை தட்டுவார். பின்னால் சர்வரில் பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற நிரலை யாரும் பார்ப்பதில்லை, அது நின்றுபோகிற வரைக்கும். 2015ல் அந்தப் பாட்டு திரையில் வந்த பக்கம். பின்னால் ஓடிக்கொண்டிருந்தது 2001ன் புகைப்படங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய காகிதங்கள், மண் ஆய்வு அறிக்கைகள், நீதிமன்ற மனு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். நித்தியானந்த் ஜெயராமன், ஷ்வேதா நாராயண் மாதிரியானவர்கள் இதைத் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார்கள். பாட்டைக் கேட்டுவிட்டு ‘இது நிஜமா?’ என்று தேடியவர்களுக்குத் தேடினால் கிடைக்கிற மாதிரி ஆதாரம் ஏற்கெனவே இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் கம்பெனி ஒரே ஒரு மறுப்பறிக்கையில் எல்லாவற்றையும் முடித்திருக்கும்.

சரி, அப்படியானால் பாட்டு எதுவும் செய்யவில்லையா? செய்தது. என்ன செய்தது என்று கொஞ்சம் துல்லியமாகச் சொல்லணும்.

பாட்டை வெளியிட்டது ஜட்கா என்ற இணையவழிப் பிரச்சார அமைப்பு, சென்னையின் வெட்டிவேர் கலெக்டிவ் என்ற தன்னார்வலர் குழுவோடு சேர்ந்து. ஜட்காவின் வழிமுறை அன்றைக்குப் புதுசு. ஆதரவாளர்களுக்கு மின்னஞ்சல், இணைய மனு, மிஸ்டு கால். மிஸ்டு காலுக்குக் காசு கிடையாது என்பதை நம்ம ஊரில் எல்லாரும் வீட்டு உபயோகத்துக்குக் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அதைப் போராட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பணம் குறைவாக இருந்தாலும் நடத்தக்கூடிய வழி இது. அந்த வருடத்தின் சூழ்நிலையும் முக்கியம். 2015 ஏப்ரலில் கிரீன்பீஸ் இந்தியாவின் வெளிநாட்டு நிதி அனுமதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது, செப்டம்பரில் ரத்து செய்தது. பெரிய அமைப்புகளின் கை கட்டப்பட்ட அதே மாதங்களில்தான் சின்னக் குழுக்கள் கையில் இருந்த கேமராவையும் யூடியூபையும் வைத்து வேலை செய்தன.

சோஃபியா அஷ்ரஃபும் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. போபால் விவகாரத்தில் டௌ கெமிக்கலுக்கு எதிராக முன்பே ராப் பாடியவர். விளம்பரத் துறையில் வாசகம் எழுதும் வேலை பார்த்தவர். இந்தக் கடைசி விவரம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஒரு சோப்பையோ கிரீமையோ ஜனங்கள் மனசில் எப்படி ஒட்டவைப்பது என்று தெரிந்த ஒருவர், அதே வித்தையைத் திருப்பிப் பிடித்தார். ஏற்கெனவே எல்லார் காதிலும் ஓடிக்கொண்டிருக்கிற மெட்டை எடு, சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல், கேட்பவர் என்ன செய்யணும் என்பதைக் கடைசியில் தெளிவாகச் சொல். விளம்பரக்காரர்களின் பாலபாடம் இது. நிக்கி மினாஜின் மெட்டாக இருந்ததால்தான் நிக்கி மினாஜ் கண்ணில் பட்டது. சொந்த மெட்டு போட்டிருந்தால் இசை இன்னும் நன்றாக வந்திருக்கலாம், கடல் தாண்டியிருக்காது.

பாட்டு ஆங்கிலத்தில் இருந்ததைப் பற்றி அன்றைக்கே முணுமுணுப்பு இருந்தது. கொடைக்கானல் தொழிலாளி பேசுவது தமிழ், அவருக்காகப் பாடுகிற பாட்டு ஆங்கிலத்திலா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பாட்டு கொடைக்கானலுக்குப் பாடப்பட்டது இல்லை. ஊருக்கு விஷயம் 2001லேயே தெரியும். பாட்டின் நிஜமான விலாசம் லண்டன். யூனிலீவரின் அன்றையத் தலைமை அதிகாரி பால் போல்மன் உலக அரங்குகளில் ‘நீடித்த வளர்ச்சி’யின் முகமாக இருந்தவர். கம்பெனியே அந்தப் பெயரை வைத்துத்தான் தன்னை முன்னிறுத்திக்கொண்டிருந்தது. பாட்டு போய்த் தொட்டது அந்த நரம்பைத்தான். போல்மன் ட்விட்டரிலேயே பதில் சொல்ல வேண்டி வந்தது. கொடைக்கானல் விஷயத்தைத் தீர்க்கப் பல வருடமாக முயன்று வருகிறோம், தேவை உண்மைகள், உணர்ச்சிகள் இல்லை என்ற தொனியில் எழுதினார். பதினாலு வருஷமாக வக்கீல்கள் வழியாகப் பேசிய கம்பெனியின் தலைவர், தன் வாயால் ‘கொடைக்கானல்’ என்று உலகத்துக்கு முன்னால் சொன்னார். பாட்டின் சாதனை என்று ஒன்றைத்தான் காட்டணும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

2016 மார்ச் உடன்பாட்டையும் நிதானமாகப் படிக்கணும். 591 பேருக்குப் பணம் கிடைத்தது, கருணைத் தொகையாக. மனிதாபிமான அடிப்படையில், வாழ்வாதார உதவி என்றுதான் கம்பெனி சொன்னது. தொகை வெளியிடப்படவில்லை. தப்பு எங்களுடையது என்ற ஒப்புதல் அதில் இல்லை. சங்கம் இதை ஏற்றுக்கொண்டது. பத்து வருஷம் கோர்ட்டு படி ஏறினவர்கள், உடம்பு முடியாதவர்கள் ஏற்றுக்கொண்டதை வெளியிலிருந்து விமர்சிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

பாதரசம் என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வரும் ஊர் ஜப்பானின் மினமாட்டா. அங்கேயும் விஷயத்தை வெளியே சொன்னதில் பெண்களின் பங்கு பெரியது, இணையம் பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே. 1956ல் நோய் வெளியே தெரிந்தது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட மீத்தைல் பாதரசம் மீன் வழியாக மீனவக் குடும்பங்களுக்குப் போயிருந்தது. இஷிமுரே மிச்சிகோ அந்த ஊர்க் குடும்பப் பெண். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் பேச்சு மொழியிலேயே எழுதி, 1969ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஜப்பான் முழுக்க மினமாட்டாவை உணரவைத்தது அந்த எழுத்து. பிறகு 1970களில் யூஜீன் ஸ்மித், ஐலீன் ஸ்மித் தம்பதி அங்கே தங்கிப் படம் எடுத்தார்கள். பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் உலகம் முழுக்கப் போனது. அந்தக் காலத்து ‘வைரல்’ என்றால் அதுதான்.

அந்தப் படத்துக்கு ஒரு பின்கதை உண்டு. மகள் இறந்து பல வருடம் கழித்தும் படம் புத்தகத்திலும் பத்திரிகையிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. குடும்பத்துக்கு அது வேதனையானது. 1998ல் ஐலீன் ஸ்மித் குடும்பத்தின் விருப்பப்படி அந்தப் படத்தை இனிப் புதிதாக வெளியிட அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தார். காகிதத்தில் அச்சான படத்துக்கு இப்படி ஒரு முற்றுப்புள்ளி வைக்க முடிந்தது. இன்றைக்கு ஒரு நோயாளியின் முகத்தை வீடியோவில் போட்டு லட்சம் பேர் பகிர்ந்தபின் யார் நிறுத்த முடியும்? தன்னார்வ அமைப்புகள் இதைப் போதுமான அளவு யோசிப்பதில்லை. கொடைக்கானல் பாட்டில் முன்னால் நின்றது பாடகிதான். நோயைக் காட்டிக் கண்ணீர் வரவைக்கிற வேலையை அது நம்பியிருக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்தப் பாட்டின் மேல் மரியாதை.

இப்போது மண்ணுக்கு வருவோம். தொழிலாளர் விஷயம் ஒரு மாதிரி முடிந்தது. ஆலை வளாகத்து மண்ணில் பாதரசம் அப்படியே இருந்தது. அதை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது? நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்ட அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். போராட்டக்காரர்கள் பிரிட்டனைக் காட்டினார்கள். அங்கே குடியிருப்புப் பகுதி மண்ணுக்கு வழிகாட்டு அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம். யூனிலீவரின் தலைமையகம் இருக்கிற நாட்டில் 1, கொடைக்கானலில் 20. இதுதான் சண்டை.

எண்ணைக் கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற்றிப் பார்க்கலாம். வீட்டில் ஜுரம் பார்க்கிற பழைய தெர்மாமீட்டர் ஒன்றில் சுமார் ஒரு கிராம் பாதரசம் இருக்கும். ஒரு மாட்டு வண்டி லோடு மண்ணை ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் ஒரு தெர்மாமீட்டரை உடைத்துக் கலந்தால் அது பிரிட்டன் அளவு. இருபது தெர்மாமீட்டரை உடைத்துக் கலந்தால் கொடைக்கானலுக்குப் போதும் என்று சொன்ன அளவு.

ஆனால் விஷயம் இவ்வளவு நேராகவும் இல்லை. பிரிட்டனின் 2009 வழிகாட்டுதலில் குடியிருப்புப் பகுதிக்கு மூன்று எண்கள் இருக்கின்றன. தனிம வடிவப் பாதரசத்துக்கு 1, மீத்தைல் பாதரசத்துக்கு 11, கனிம வடிவுக்கு 170. மண்ணில் எந்த வடிவம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். தெர்மாமீட்டர் ஆலையில் கையாண்டது தனிமப் பாதரசம், அதனால் 1ஐக் கேட்பதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. வருடக்கணக்கில் மண்ணில் கிடந்தது வேறு வடிவமாக மாறியிருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். கம்பெனி தரப்பில் இன்னொரு வாதமும் வைத்தார்கள்: அதிக மண்ணை அள்ளினால் மரங்களை வெட்டணும், சரிவில் மண்ணரிப்பு வரும், சோலைக்கே கேடு. மண்ணரிப்பு பயம் பொய் இல்லை. மழைக்காலத்தில் மலைச் சரிவை வெட்டினால் என்ன ஆகும் என்று வத்தலக்குண்டு சாலையில் போகிற யாருக்கும் தெரியும். ஆனால் அதே சரிவு, அதே மழைதான் மிச்சமிருக்கும் பாதரசத்தையும் பாம்பார் சோலைக்குள் இறக்கும். ஒன்றுக்கு மட்டும் மழையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இன்னொன்றுக்கு விட்டுவிட முடியாது. இந்த இடத்தில் என் கட்சி போராட்டக்காரர்கள் பக்கம்தான்.

2018 ஜூன் கடைசியில் இரண்டாவது வீடியோ வந்தது. ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’. இந்த முறை சோஃபியா அஷ்ரஃபோடு டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும். கர்நாடக இசையும் ராப்பும் கலந்த பாட்டு. அதே இயக்குநர்தான். எனக்கு முதல் பாட்டைவிட இதுதான் இசையாகப் பிடித்தது. பிரிட்டனுக்கு ஒரு அளவு, இந்தியாவுக்கு ஒரு அளவா என்பதே இதன் கேள்வி. இந்த மாதங்களில் உலகச் சூழலும் சாதகமாகத்தான் இருந்தது. மினமாட்டா பெயரிலேயே பாதரசத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் அமலுக்கு வந்திருந்தது, 2018 ஜூனில் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. பாட்டைப் பத்திரிகைகள் எழுதின, பலரும் பகிர்ந்தார்கள். ஆனால் 2015ன் அலை திரும்ப வரவில்லை. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதே நிலைத்தது.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் பாட்டில் கேட்டது எளிமையானது. இந்த மனிதர்களுக்குச் செய்த தப்புக்குப் பரிகாரம் செய். கேட்கிற யாருக்கும் ஒரு நொடியில் புரியும், யாருக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும், கொடுத்துவிட்டால் முடிந்தது என்று கம்பெனிக்கும் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டாவது பாட்டில் கேட்டது ஒரு எண். 20ஐ 1 ஆக்கு. அதை நான் மேலே இரண்டு பத்தியில் விளக்கியும் முழுசாக விளக்கினேனா தெரியாது. எதிரிலும் கம்பெனி மட்டும் நிற்கவில்லை. வாரியம், ஆய்வு நிறுவனம், தீர்ப்பாயம் எல்லாம் நின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பங்குதாரர் கிடையாது, பிராண்டு கிடையாது. ட்விட்டரில் திட்டினால் அதற்கு எந்த நஷ்டமும் இல்லை. அஷ்ரஃபின் விளம்பர வித்தை கம்பெனியின் பெயரைக் குறிவைக்கும் வரை வேலை செய்தது. பெயரே இல்லாத ஒரு கோப்பைக் குறிவைத்தபோது பிடிமானம் கிடைக்கவில்லை. மண்ணுக்குச் சங்கமும் கிடையாது, 591 பேர் கொண்ட பட்டியலும் கிடையாது. பாம்பாறு மனு போடாது.

இன்னொன்றும் உண்டு. 2016 உடன்பாடு வந்ததும் வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலருக்குக் கொடைக்கானல் ‘முடிந்த கேஸ்’. ஜெயித்துவிட்டோம் என்ற செய்தி ஒருமுறை பரவிவிட்டால், இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது என்ற செய்திக்கு யாரும் காது கொடுப்பதில்லை. முதல் வெற்றியின் சத்தமே இரண்டாவது பாட்டின் சத்தத்தை மூடிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

2023ல் அமீர் ஷாகுல் ‘ஹெவி மெட்டல்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தில் இந்தக் கதை முழுவதையும் எழுதினார். கிரீன்பீஸில் இருந்து 2000களில் இந்தப் போராட்டத்தில் நேரடியாக வேலை செய்தவர். கொடைக்கானல் மேல் ஆர்வம் இருக்கிறவர்கள் படிக்கணும். கம்பெனியின் இணையதளத்திலும் அவர்கள் தரப்புக் கதை தனிப் பக்கமாகக் கிடைக்கிறது. அதையும் படியுங்கள், எண்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

2015ன் பதிவுகளை இப்போது தேடினால் எரிச்சல்தான் வருகிறது. பாட்டு யூடியூபில் இருக்கிறது. அதைச் சுற்றி நடந்த பேச்சு, ட்விட்டர் சண்டைகள், மனுப் பக்கங்கள், பகிர்ந்தவர்கள் எழுதிய நாலு வரிகள் எல்லாம் பாதிக்கு மேல் சுட்டி உடைந்து கிடக்கின்றன. ட்விட்டருக்கே இப்போது பேர் மாறிவிட்டது. 2001 ஊர்வலத்துக்குக் காகிதச் சாட்சிகள் இருக்கும், யாருடைய வீட்டுப் பரணிலாவது. மூஞ்சிக்கல், நாயுடுபுரம், பெருமாள்மலை பக்கம் இருக்கிறவர்கள், ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: சங்கத்து நோட்டீஸ், சம்பளச் சீட்டு, ஆலை அடையாள அட்டை, அன்றைக்கு எடுத்த போட்டோ எது இருந்தாலும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். போட்டோவின் பின்பக்கம் தேதி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து.